நாட்டிங் ஹில் கார்னிவலை ஏன் ஒரு மைதானத்துக்கு மாற்றக் கூடாது?

லண்டனுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில் பக்கம் போனேன். கடை, வீடு எல்லாவற்றுக்கும் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். இரண்டு நாளும் காது கிழிகிற சத்தம், நகர முடியாத கூட்டம், மறுநாள் பத்திரிகையில் கத்திக்குத்துச் செய்தி. இந்தக் கார்னிவல் எப்படி வந்தது? அந்த ஊர்க்காரர்களுக்கு இதனால் உண்மையில் என்ன பயன்? பேசாமல் ஹைட் பார்க்குக்கு மாற்றிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதிதானே?”

நியாயமான கேள்விதான். மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பேட்டையில் நடக்கும் கரீபிய மக்களின் தெருவிழாதான் இந்தக் கார்னிவல். பல வருடங்கள் அந்தப் பக்கம் குடியிருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைதானத்திலிருந்து தொடங்குவோம். நம்மூர்த் தேரை ஒரு பொட்டலில் நிறுத்தி, அங்கேயே சுற்றிச் சுற்றி இழுத்தால் அதைத் தேரோட்டம் என்று யாராவது சொல்வார்களா? தேர் நான்கு வீதியும் போய் நிலைக்குத் திரும்ப வேண்டும். தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருவுக்குள் வராது, வடத்தை யார் தொடலாம் என்பதற்காக நம் ஊர்களில் எத்தனை வழக்கு, எத்தனை தடை உத்தரவு, எத்தனை அடிதடி. தெருவில் யார் போகலாம் என்பது சின்ன விஷயமில்லை என்று நமக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டிங் ஹில்லின் கதையையும் அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். அது ஒரு தெருவில் நடப்பதற்காகப் பாடுபட்டவர்களின் கதை.

1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. கரீபியத் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் இறங்கினார்கள். டிரினிடாட்டின் காலிப்சோ பாடகர் லார்ட் கிச்சனரும் அதில் இருந்தார். செய்திப்படக் கேமராவுக்கு முன்னால் லண்டனைப் புகழ்ந்து ஒரு பாட்டே பாடினார். போரில் அடிவாங்கிய நாட்டுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் மருத்துவமனையிலும் வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. கறுப்பர்களுக்கு இல்லை என்று சன்னலில் அட்டை மாட்டியிருந்த காலம். இடம் கொடுத்த சில பகுதிகளில் நாட்டிங் ஹில் ஒன்று. அங்கே பழைய பெரிய வீடுகளை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பத்தை அடைத்து, வாடகையை உருவினார்கள். பீட்டர் ராக்மன் என்ற வீட்டுக்காரர் இதில் அடித்த கொள்ளையால் அவர் பெயரே ஆங்கில அகராதியில் ஒரு சொல்லாக ஏறிவிட்டது. இன்று அதே தெருக்களில் வீடுகள் பல கோடி விலை போகின்றன. அன்று அது குடிசைப் பகுதிக்குச் சமம்.

1958 ஆகஸ்ட் கடைசியில் கலவரம் வெடித்தது. இரும்புக் கம்பி, சைக்கிள் செயின், பாட்டில் சகிதம் வெள்ளைக்கார இளைஞர் கும்பல்கள் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தன. வீடுகளுக்குள் பெட்ரோல் குண்டு வீசினார்கள். செப்டம்பர் முதல் வாரம் வரை இது நீடித்தது. அந்த நாட்களில் ஒரு கறுப்புத் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியமாக இருந்தது.

இங்கேதான் கிளாடியா ஜோன்ஸ் வருகிறார். 1915இல் டிரினிடாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க் போய், கம்யூனிஸ்ட் கட்சியில் எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் வளர்ந்து, அதற்காகச் சிறை வைக்கப்பட்டு, 1955இல் அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். காசநோய் அவர் உடம்பை ஏற்கெனவே தின்றிருந்தது. 1958இல் பிரிக்ஸ்டனில் ‘வெஸ்ட் இந்தியன் கெஸட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கலவரம் முடிந்ததும், இந்தக் கசப்பை வாயிலிருந்து கழுவ என்ன செய்யலாம் என்ற பேச்சு எழுந்தபோது அவர் முன்வைத்த பதில், கார்னிவல்.

டிரினிடாட்டில் கார்னிவல் பிப்ரவரி, மார்ச்சில், கொளுத்தும் வெயிலில், தெருவில் நடப்பது. லண்டனில் அந்த மாதங்களில் தெருவில் ஆடினால் விறைத்துப் போவோம். அதனால் 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பேங்க்ராஸ் டவுன் ஹாலுக்குள் வைத்தார்கள். எண்ணெய் டிரம்மில் செய்த ஸ்டீல் பான் வாத்தியம், காலிப்சோ, நடனம், அழகிப்போட்டி எல்லாம் உண்டு, பிபிசி ஒளிபரப்பியது. நிகழ்ச்சி மலரில் ஒரு வாசகம் இருந்தது: ஒரு மக்களின் கலையே அவர்களுடைய விடுதலையின் பிறப்பிடம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதே மலரில் இருந்த இன்னொரு குறிப்பு. மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் சிக்கிய கறுப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதத்தைக் கட்டப் போகும் என்று அதில் இருந்தது. வெள்ளை இளைஞர்களின் அபராதமும் சேர்த்துத்தான்.

அடுத்த மே மாதம் கெல்ஸோ காக்ரன் கொல்லப்பட்டார். ஆன்டிகுவாவைச் சேர்ந்த தச்சர், வயது 32. கட்டைவிரலில் அடிபட்டு, இரவில் மருத்துவமனைக்குப் போய்விட்டு நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சதம் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கும்பல் வழிமறித்துக் குத்தியது. அவர் இறுதி ஊர்வலத்தில் ஆயிரம் பேருக்கு மேல், கறுப்பரும் வெள்ளையரும், நடந்தார்கள். இன்றுவரை அந்தக் கொலைக்காக ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

கிளாடியா ஜோன்ஸ் 1964 டிசம்பரில், ஐம்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தார். ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். ஹாலுக்குள் நடந்த கார்னிவல் அவரோடு நின்றது.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் ரோன் லாஸ்லெட். லண்டன் கிழக்குப் பகுதியில் பிறந்த சமூகப் பணியாளர். அமெரிக்கப் பழங்குடி ரத்தமும் ரஷ்ய ரத்தமும் கலந்த குடும்பம். டாவிஸ்டாக் கிரசன்ட்டில் அவர் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடம் நடந்தது. வாடகைத் தகராறு, போலீஸ் தொல்லை என்று வருகிறவர்களுக்கு ஆலோசனையும் கிடைத்தது. 1966 மே மாதம் முகமது அலி அந்த வீட்டுக்கு வந்து அங்கிருந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போனார். குழந்தைகளுக்கு விளையாடத் தெருவைத் தவிர வேறு இடமில்லாத பேட்டை அது.

அந்த வருடம் செப்டம்பரில் லாஸ்லெட்டும், அக்கம்பக்கத்து மக்களுக்கு இலவச வகுப்பு நடத்திய லண்டன் ஃப்ரீ ஸ்கூல் நண்பர்களும் ஒரு வாரத் திருவிழா வைத்தார்கள். அங்கே குடியிருந்த அயர்லாந்துக்காரர், சைப்ரஸ்காரர், ஆப்பிரிக்கர், கரீபியர் என்று எல்லாரும் தத்தம் இசையோடு வரவேண்டும் என்பது அவர் ஆசை. ஐரிஷ் சிறுமிகளின் பைப் குழு வந்தது. ஜிஞ்சர் ஜான்சனின் ஆப்பிரிக்க மேளக்காரர்கள் வந்தார்கள். கூடவே ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல் பான் குழுவையும் அழைத்திருந்தார்.

ஹெண்டர்சன் 1951இல் லண்டனுக்கு வந்தது பியானோ சுருதி சேர்க்கப் படிப்பதற்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஒரு பப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் குழந்தைகளுக்கு வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நின்ற இடத்தில் வாசித்தபோது ஏதோ குறைந்தது. குழுவினர் டிரம்மைக் கழுத்தில் வார் போட்டுத் தொங்கவிட்டபடி நடக்கத் தொடங்கினார்கள். டிரினிடாட்டில் அப்படித்தான் வாசிப்பார்கள். பான் என்றால் நடை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள் பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. சன்னல்கள் திறந்தன. எட்டிப் பார்த்தவர்களில் பல வருடங்களாக ஊரைப் பார்க்காதவர்கள் இருந்தார்கள். கேட்ட சத்தம் ஊரின் சத்தம். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். எட்டு வருடம் முன்னால் அடித்துத் துரத்தப்பட்ட அதே தெருக்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள்.

கார்னிவலின் தாய் ஜோன்ஸா, லாஸ்லெட்டா என்று இன்றும் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் இருவரும்தான். ஜோன்ஸ் கருத்தைக் கொடுத்தார், லாஸ்லெட் தெருவைக் கொடுத்தார். ஆனால் அன்று மக்களை வீட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது அந்த டிரம். அதனால் டிரம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது.

டிரினிடாட்டில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டத்து மக்கள் தீப்பந்தம் ஏந்தி, மேளம் அடித்து, கம்புச் சண்டையோடு ஊர்வலம் போவார்கள். ‘கான்பூலே’ என்று பெயர். கரும்பு எரிப்பு என்று அர்த்தம். 1881இல் போலீஸ் அதைத் தடுக்கப் போய்ப் பெரிய மோதலானது. அதைத் தொடர்ந்து மேளத்துக்கே தடை போட்டார்கள். 1884இல், கூலிகளாகப் போன இந்தியர்கள் தாஷா மேளம் அடித்துக்கொண்டு நடத்திய மொகரம் ஊர்வலத்தின் மீது சான் ஃபெர்னாண்டோவில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். மேளச் சத்தத்தைக் கண்டு வெள்ளை அரசு எவ்வளவு பயந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தோல் மேளம் கூடாதென்றால் மூங்கில். நீளநீளமாக வெட்டித் தரையில் குத்தி ஓசை எழுப்பினார்கள். மூங்கிலிலும் கெடுபிடி வந்தபோது பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். தட்டித் தட்டி நெளிந்த இடம் ஒரு சுரம், பக்கத்து நெளிவு இன்னொரு சுரம் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டி எண்ணெய் டிரம்முக்கு வந்தார்கள். நம்மூரில் தார் காய்ச்சுகிற அதே 200 லிட்டர் டிரம். அதன் அடித்தட்டைச் சம்மட்டியால் அடித்துக் குழியாக்கி, உளியால் சுரங்களுக்குக் கட்டம் போட்டு, பக்கத்தை வெட்டி, தீயில் வாட்டி, கடைசியில் சின்னச் சுத்தியலால் சுருதி சேர்க்கிறார்கள். பக்கம் குட்டையாக இருந்தால் மேல் ஸ்தாயி. முழு டிரம்மாக விட்டால் கீழ் ஸ்தாயி, அதாவது பேஸ். முதன்முதலில் ஒருவர் இதை எனக்கு விளக்கியபோது, வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி விரலால் தட்டிப் பார்க்கிற எங்கள் ஊர்ப் பெரியவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தீயைத் தொடாமல் இரண்டும் பேசாது. ‘நல்ல குடும்பத்துப் பையன்’ தொடக் கூடாது என்று இரண்டையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1951இல் டிரினிடாட்டிலிருந்து ஒரு ஸ்டீல் குழு பிரிட்டன் திருவிழாவில் வாசிக்க லண்டன் வந்தது. துருப்பிடித்த டிரம்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாசிப்பைக் கேட்டு வாயடைத்துப் போனார்களாம். அந்தக் குழுவில் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் மட்டும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கினார். பிறகு ஹெண்டர்சனோடு சேர்ந்து வாசித்தார்.

சரி, கதைக்கு வருவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் விழா மங்கியது. ஆல் செயின்ட்ஸ் சாலையில் ஃபிராங்க் கிரிச்லோ நடத்திய, கறுப்பர்கள் கூடுமிடமாக இருந்த ‘மாங்குரோவ்’ உணவகத்தைப் போலீஸ் ஒன்றரை வருடத்தில் 12 முறை சோதனை போட்டது, ஒன்றும் அகப்படவில்லை. 1970 ஆகஸ்டில் அதைக் கண்டித்து ஊர்வலம் போனவர்களில் ஒன்பது பேர் மீது கலகம் செய்ததாக வழக்கு. 1971இல் 55 நாள் விசாரணைக்குப் பிறகு கலகக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை ஆனார்கள். போலீஸிடம் இனவெறுப்பு இருந்ததை ஒரு பிரிட்டிஷ் நீதிபதி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. அந்தப் பதற்றத்தில் லாஸ்லெட் ஒதுங்கிக்கொண்டார்.

1973இல் லெஸ்லி பால்மர் என்ற டிரினிடாட் ஆசிரியர் பொறுப்பேற்றார். இன்று நீங்கள் பார்க்கும் கார்னிவலின் உருவம் அவர் கொடுத்தது. பாதையை நீட்டினார், ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தார், கடை போட விட்டார், மாஸ் குழுக்களைத் திரட்டினார். மாஸ் என்றால் வேஷம். குலசேகரப்பட்டினம் தசராவுக்குக் குழு குழுவாக வேஷம் கட்டுகிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அப்படி: ஒரு குழு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கில் உடை தைத்து, சேர்ந்து ஆடி வரும்.

பால்மர் செய்த இன்னொரு காரியம் பெரிய சண்டையைக் கிளப்பியது. ஜமைக்காக்காரர்களின் சவுண்ட் சிஸ்டங்களை உள்ளே விட்டார். சவுண்ட் சிஸ்டம் என்றால் நம்மூர் ரேடியோ செட்டை நினைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் ஆளுயரப் பெட்டிகளைத் தாங்களே தச்சு வேலை செய்து அடுக்கி, பேஸ் சத்தம் நெஞ்செலும்பில் இடிக்கும்படி அமைப்பார்கள். பான்காரர்களுக்குக் கோபம். கையால் வாசிக்கிற இசையை இந்த இரைச்சல் முழுங்கிவிடும் என்றார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை, ஓரளவு முழுங்கத்தான் செய்தது. ஆனால் லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரெக்கேதான் பாட்டு. அவர்களுக்குக் காலிப்சோ அப்பா காலத்து விஷயம். அவர்களை வெளியே நிறுத்தியிருந்தால் அந்த விழா ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும்.

பல பண்பாட்டு விழா என்றதும் நாம் வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று நினைக்கிறோம். ஆனால் டிரினிடாட்டும் ஜமைக்காவும் கடலில் ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருக்கிற தனித்தனித் தீவுகள். உணவு வேறு, பேச்சு வேறு, தாளம் வேறு, ஒருவர்மேல் ஒருவருக்கு ஏளனமும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு தாளத்துக்கும் இடம் கண்டுபிடித்ததுதான் இந்த விழாவின் முதல் கடினமான வேலை. பான், மாஸ், காலிப்சோ, அதிலிருந்து பிறந்த சோகா எல்லாம் நகர்ந்து வரும். சவுண்ட் சிஸ்டம் பக்கத்துத் தெருவில் ஒரே இடத்தில் நிற்கும். இந்த ஏற்பாடு அன்றைக்குப் பேசி முடித்த சமரசம். பிறகு 1980களில் பிரேசில் பாணிச் சம்பா குழுக்களும் வந்து சேர்ந்தன.

1976இல் போலீஸ் சுமார் 3,000 பேரை இறக்கியது, முந்தைய வருடங்களைவிடப் பல மடங்கு. சந்தேகத்தின் பேரில் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்ற பழைய சட்டத்தால் கறுப்பு இளைஞர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். மோதல் வெடித்தது. நூறு போலீஸாருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். கேடயம் இல்லாமல் குப்பைத் தொட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு போலீஸார் நின்ற படங்கள் வெளியாயின. கார்னிவலைத் தடை செய், பூங்காவுக்கு மாற்று என்ற குரல் அப்போது பலமாக எழுந்தது, இன்றுவரை ஓயவில்லை. நீங்கள் கேட்கிற யோசனைக்கு ஐம்பது வயதாகிறது.

பயனைப் பற்றிக் கேட்டீர்கள். பணக் கணக்கு வேண்டுமென்றால், 2003இல் லண்டன் மேம்பாட்டு முகமைக்காகச் செய்த ஆய்வு, இந்த இரண்டு நாள் விழா நகரத்துக்கு ஆண்டுக்கு 9.3 கோடி பவுண்டு ஈட்டித் தருகிறது, 3,000 முழுநேர வேலைகளுக்குச் சமமான வேலையைத் தாங்குகிறது என்று மதிப்பிட்டது. ஆனால் அந்தப் பணம் ஹோட்டல், பப், போக்குவரத்து என்றும் போய்விடுகிறது. உடை தைப்பவரும் பான் வாசிப்பவரும் கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறார்கள்.

உண்மையான பயன் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு ஆகஸ்ட் மாலையைச் சொல்கிறேன். ஒரு பான் யார்டு, அதாவது ஸ்டீல் குழுக்கள் பயிற்சி செய்யும் இடம். சக்கரம் வைத்த இரும்புச் சட்டங்களில் டிரம்கள் தொங்குகின்றன. பேஸ் வாசிக்கும் பெரியவர் ஆறு முழு டிரம்களுக்கு நடுவில் நிற்கிறார். அவர் குச்சி முனையில் ரப்பர் பந்து. முன்வரிசையில் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய குச்சிகளோடு. பின்னால் ஒருவர் பழைய கார் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டித் தாளம் காக்கிறார். யார் முன்னாலும் நோட்டுத் தாள் இல்லை. சொல்லிக்கொடுக்கும் பெண் நான்கு சுரம் வாசித்துக் காட்டுகிறார், எல்லாரும் வாங்கி வாசிக்கிறார்கள், மறுபடி, மறுபடி. சிறுமி ஒரு இடத்தில் தடுமாறுகிறாள். பேஸ் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போது மட்டும் அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைக்கிறார். ஐந்தாவது முறை பிடித்துவிட்டாள். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து, பத்து நிமிடம் போல ஓடும் ஒரு பாட்டை எண்பது தொண்ணூறு கைகள் மனப்பாடமாக வாசிக்கும். கார்னிவலுக்கு முந்தின சனிக்கிழமை ‘பனோரமா’ போட்டியில் அதை அரங்கேற்றுவார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் மாஸ் கேம்ப். மேஜை மேல் கம்பிச் சுருள், இறகு மூட்டை, பசைத் துப்பாக்கி. வேலை முடிந்து நேராக வந்த நர்ஸ் ஒருவர் சீருடையைக்கூட மாற்றாமல் தலைக்கிரீடத்துக்குக் கல் ஒட்டுகிறார். கம்பி வளைக்கும் கலையை ஒரு தாத்தா இரண்டு பையன்களுக்குக் காட்டுகிறார். இருவரில் ஒருவன் மொராக்கோக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு விழா முடிந்த சில மாதங்களிலேயே அடுத்த வருட உடைக்கு வரைபடம் போடத் தொடங்கிவிடுவார்கள். பவிஸ் சதுக்கத்திலுள்ள ‘டேபர்நக்கிள்’ என்ற பழைய தேவாலயக் கட்டடம் பல வருடங்களாக இந்த வேலைகளுக்கெல்லாம் தாய்வீடு. நீங்கள் பார்த்த இரண்டு நாள், இந்தப் பன்னிரண்டு மாத வேலையின் நுனி. பள்ளியில் உருப்படமாட்டான் என்று எழுதப்பட்ட பையனுக்கு வாரம் நான்கு மாலை போக ஒரு இடம், ஒரு குரு, ஒரு கூட்டம். இதற்கு எந்த ஆய்விலும் பவுண்டு கணக்கு போட முடியாது.

2017 ஜூன் 14 அன்று, கார்னிவல் பாதையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். பத்தே வாரத்தில் கார்னிவல். நடத்தலாமா கூடாதா என்று ஊரே கலங்கியது. நடத்தினார்கள், விழா நடுவே இசையை நிறுத்தி மௌனம் காத்தார்கள். பிறகு அது 72 விநாடி மௌனமாக நிலைத்தது. பிற்பகல் மூன்று மணிக்கு, லட்சக்கணக்கானவர் நிறைந்த தெருக்களில், நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்த பேஸ் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் யாரோ ஒருவர் அழுவது கேட்கும். சாவு வீட்டுக்குப் பறை ஏன் வருகிறது என்று தெரிந்த நமக்கு இது புரியும். ஒரு ஊருக்குச் சேர்ந்து ஆட ஒரு பழக்கம் இருந்தால், சேர்ந்து துக்கம் காக்கவும் அதுவே கைகொடுக்கிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 2024இல் கார்னிவல் நாட்களில் தாக்கப்பட்ட இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் குழந்தையோடு குடும்ப நாளுக்கு வந்த இளம் தாய். அதற்கு முன்னால் எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் ஆகாது. ஒரு நாளைக்குச் சுமார் 7,000 போலீஸார் நிற்கிறார்கள். என்னை அதைவிட அதிகம் கவலைப்பட வைப்பது நெரிசல். கூட்டம் சேர்ந்து நகர முடியாமல் போகும் முனைகள் இருக்கின்றன. ஒரு முனையில் நானே பத்து நிமிடம் மூச்சு முட்ட மாட்டிக்கொண்டிருக்கிறேன். பாதுகாப்பு ஆய்வுக்குப் பிறகு 2025இல் லண்டன் மேயரும் இரண்டு உள்ளூராட்சிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்டு கூடுதலாகக் கொடுத்தன. பயிற்சி பெற்ற தொண்டர்கள், கூட்டத்தை முன்கூட்டியே திருப்பிவிடும் ஏற்பாடு, போதுமான கழிப்பறை: காசு போக வேண்டிய இடம் இதுதான். அப்புறம், வீட்டு வாசலில் சிறுநீர் நாற்றத்தோடு மூன்று நாள் வாழும் குடியிருப்பாளரின் கோபமும் நியாயமானது. அவர்களில் பலர் கரீபியக் குடும்பத்தினர்தான். வாடகை ஏறி, விழாவை உருவாக்கியவர்களின் பிள்ளைகள் பலர் தூரப் பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள். கார்னிவலுக்கு மட்டும் பஸ் பிடித்து வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது ஹைட் பார்க். 2004இல் அப்போதைய மேயரின் ஆய்வுக் குழுவே அதைப் பாதையில் சேர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தது. கார்னிவல்காரர்கள் ஏற்கவில்லை. பூங்கா என்றால் வேலி வரும், வேலி வந்தால் டிக்கெட் வரும், டிக்கெட் வந்தால் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பாட்டி சன்னலிலிருந்து பார்க்க முடியாது. கெல்ஸோ காக்ரன் நடந்து வீடு சேர முடியாமல் போனது சதம் தெருவில். ஹெண்டர்சன் டிரம்மை மாட்டிக்கொண்டு நடந்தது இதே பேட்டையில். மாங்குரோவ் இருந்தது ஆல் செயின்ட்ஸ் சாலையில். ஹைட் பார்க்கில் இவற்றில் எதுவுமே நடக்கவில்லை.

அடுத்த முறை இப்படிப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் நாள். காலை பத்து, பதினோரு மணிக்கே போய்விடுங்கள், கூட்டம் குறைவு. டாவிஸ்டாக் சாலையும் போர்ட்டொபெல்லோ சாலையும் சேரும் பக்கம் ஜோன்ஸுக்கும் லாஸ்லெட்டுக்கும் நீல நிற நினைவுப் பலகைகள் இருக்கின்றன. சில்லறை நோட்டு, காதடைப்பான், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். ஜெர்க் சிக்கன் வரிசையில் நிற்பதற்கு முன்னால் டிரினிடாட் ரொட்டிக் கடையைத் தேடுங்கள். உள்ளே கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கு மசாலாவும் இருக்கும், கூலிகளாகப் போன நம் ஆட்கள் கொண்டுபோன கைப்பக்குவம். முதலில் சவுண்ட் சிஸ்டம் பக்கம் போகாமல் ஏதாவது ஒரு ஸ்டீல் குழுவுக்குப் பின்னால் நடங்கள். வண்டியைத் தள்ள எப்போதும் ஆள் குறைவாக இருக்கும். கேட்டால் உங்களுக்கும் ஒரு கம்பியைப் பிடிக்கக் கொடுப்பார்கள்.